போனில் எந்த வாய்ஸ் அசிஸ்டென்ட் பேச வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: ஆண்ட்ராய்டு வாங்கினால் கூகுள், ஐபோன் வாங்கினால் சிரி என்று கம்பெனி கொடுப்பதோடுதான் பேச வேண்டுமா? எனக்குப் பிடித்த வேறு அசிஸ்டென்டை வைத்துக்கொள்ள வழி உண்டா? இத்தனை கம்பெனிகள் போட்டி போடும்போது மாற்றுவது மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

பதில்:

ஆண்ட்ராய்டில் பாதி வழி திறந்திருக்கிறது. ஐபோனில் சுற்றுவழிகள் மட்டும் உண்டு. ஜப்பானில் மட்டும் 2025 டிசம்பரிலிருந்து ஒரு கதவு திறந்திருக்கிறது. எந்தக் கதவு, அது ஏன் அங்கே மட்டும் திறந்தது என்பதுதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாட்ஜிபிடி, ஜெமினி, அலெக்ஸா, பெர்ப்ளெக்சிட்டி, கோபைலட் எல்லாவற்றையும் எந்த போனிலும் இறக்கிக்கொள்ளலாம். ஸ்டோரில் தடை இல்லை. ஆனால் ஐகானைத் தேடித் தொட்டுத் திறக்கிற ஆப்பும், கையில் மாவு ஒட்டியிருக்கும்போது கூப்பிட்டவுடன் பதில் சொல்கிற அசிஸ்டென்டும் ஒன்றல்ல. இரண்டாவது வகையாக இருக்க அதற்குப் பக்கவாட்டு பட்டன் வேண்டும், திரை அணைந்திருந்தாலும் பெயரைக் கேட்டு எழுந்துகொள்ளும் வசதி வேண்டும், மெசேஜ் அனுப்ப, அலாரம் வைக்க, திரையில் இருப்பதைப் பார்க்க அனுமதி வேண்டும். இந்த மூன்றும் போனையும் அதன் இயங்குதளத்தையும் செய்கிற கம்பெனிகளின் கையில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலான கம்பெனிகளுக்குச் சொந்தமாகவே ஒரு அசிஸ்டென்ட் இருக்கிறது. போட்டி சிக்கிக்கொள்கிற இடம் அதுதான்.

இதில் மிகக் கடினமானது பெயரைக் கேட்டு எழுவது. போன் தூங்கும்போது மெயின் ப்ராசஸரை ஓடவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறு சிப் மட்டும் விழித்திருந்து, ஒரே ஒரு ஒலி வடிவத்துக்காகக் காத்திருக்கும். 'ஹே சிரி' 2014இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 8இல் வந்தபோது போன் சார்ஜில் இருந்தால்தான் வேலை செய்தது. 2015இல் ஐபோன் 6எஸ் துணைச் சிப்போடு வந்த பிறகுதான் எந்நேரமும் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சிப்பிடம் 'என் பெயரையும் கவனி' என்று சொல்லும் உரிமை வெளி ஆப்புக்கு ஐஓஎஸ்ஸில் கிடையாது. ஆண்ட்ராய்டில் அந்த உரிமை உண்டு, ஆனால் தயாரிக்கும்போதே போனுக்குள் சிறப்பு அனுமதியோடு வைக்கப்பட்ட ஆப்புகளுக்குத்தான். பிளே ஸ்டோரிலிருந்து நீங்கள் இறக்கும் ஆப்புக்கு அது வராது. இன்னொரு பக்கம், 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, பின்னணியில் சும்மா இருக்கும் ஆப் மைக்கைத் தொடுவதையே நிறுத்திவிட்டது. ஒட்டுக்கேட்கும் ஆப்புகளைத் தடுக்க அது நல்ல விதி, நான் முழுக்க ஆதரிக்கிறேன். ஆனால் அதன் பக்கவிளைவாக, நேர்மையான போட்டியாளருக்கும் சாதாரண வழியில் காது கொடுக்க முடியாமல் போனது.

தொழில்நுட்பத்தால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2017இல் எச்டிசி யூ11 போனில் கூகுள் அசிஸ்டென்ட், அலெக்ஸா இரண்டும் இருந்தன. எந்தப் பெயரைச் சொன்னீர்களோ அது எழுந்தது. போன் தயாரிப்பாளர் மனம் வைத்தார், நடந்தது.

அந்தரங்கப் பாதுகாப்புக்காகத்தான் மூடி வைக்கிறோம் என்ற வாதம் முழுப் பொய் இல்லை. எந்நேரமும் திறந்திருக்கும் மைக்கை யாருக்கும் தூக்கிக் கொடுக்கக் கூடாது. ஆனால் மூடி வைத்தவர்களின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். 2019 ஜூலையில் பெல்ஜியத்தின் வி.ஆர்.டி. செய்தி நிறுவனம், கூகுள் அசிஸ்டென்ட் பதிவு செய்த பேச்சுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்பதை வெளிக்கொண்டுவந்தது. அதே மாதம் சிரி விஷயத்திலும் அப்படியே நடப்பதை கார்டியன் எழுதியது. சிரி தவறுதலாக எழுந்து பதிவு செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமல் 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்தது. சொந்த அசிஸ்டென்ட் என்பதாலேயே பாதுகாப்பு என்று ஆகிவிடாது. யார் கேட்டாலும் ஒரே விதி, ஒரே சோதனை, மைக் திறந்திருப்பதைக் காட்டும் ஒரே விளக்கு என்று வைப்பதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

பட்டன் விஷயத்துக்கு வருவோம். இதில் சாம்சங் கதை சுவாரஸ்யமானது, அது சிரியிலிருந்தே தொடங்குகிறது. சிரியை முதலில் உருவாக்கியவர்கள் ஆப்பிளில் இல்லை. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா பணம் கொடுத்த ஒரு திட்டத்திலிருந்து, எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வகம் வழியாக வந்த சிறு கம்பெனி அது. 2010 பிப்ரவரியில் ஆப் ஸ்டோரில் தனி ஆப்பாக வந்தது. சில வாரங்களில் ஆப்பிள் அந்தக் கம்பெனியையே வாங்கியது. 2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ்ஸோடு சிரி வெளியானபோது அந்தத் தனி ஆப் காணாமல் போனது. நிறுவனர்களில் டாக் கிட்லாஸ், ஆடம் செயர் இருவரும் வெளியேறி விவ் என்ற இன்னொரு கம்பெனியைத் தொடங்கினார்கள். அதை 2016இல் சாம்சங் வாங்கியது. சுதந்திரமாகப் பிறந்த இரண்டு அசிஸ்டென்ட் முயற்சிகளும் போன் கம்பெனிகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

சாம்சங் 2017இல் கேலக்ஸி எஸ்8இல் தன் சொந்த அசிஸ்டென்டான பிக்ஸ்பிக்கென்றே ஒரு தனி பட்டனை வைத்தது. மக்கள் அதற்கு வேறு வேலை கொடுக்கப் பார்த்தார்கள். அதற்காக வந்த ஆப்புகளை சாம்சங் அப்டேட் போட்டு முடக்கியது. 2019இல் ஒருவழியாக இறங்கிவந்து பட்டனை வேறு ஆப்புக்கு மாற்றிக்கொள்ள விட்டது. ஆனால் கூகுள் அசிஸ்டென்ட், அலெக்ஸா போன்ற போட்டி அசிஸ்டென்டுகளுக்கு மட்டும் அந்தப் பட்டன் போகாதபடி பார்த்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவரின் கையில் இருக்கும் பட்டன், அவர் விருப்பப்படி வேலை செய்யாது என்றால் அது என்ன நியாயம்? இத்தனைக்குப் பிறகும் பிக்ஸ்பி ஜெயிக்கவில்லை. 2025 ஜனவரியில் வந்த எஸ்25இல் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஜெமினி வரும்படி சாம்சங்கே மாற்றிவிட்டது.

இதிலிருந்து 'பார்த்தீர்களா, போனோடு முன்கூட்டியே வரும் டீஃபால்ட் இடத்தைக் கொடுத்தும் மக்கள் ஏற்கவில்லையே' என்று சிலர் வாதிடுவார்கள். ஓரளவு உண்மை. மோசமான அசிஸ்டென்டை டீஃபால்ட் இடம் காப்பாற்றாது. ஆனால் அந்த இடம் இல்லாவிட்டால் சுமாராகவோ நன்றாகவோ இருக்கும் அசிஸ்டென்டும் பிழைக்காது என்பதும் உண்மை. மைக்ரோசாப்டின் கோர்டானா 2014இல் விண்டோஸ் போனில் வந்தது. அந்த போன் தோற்றதும் 2015 கடைசியில் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வெறும் ஆப்பாக நுழைந்தது. 2021 மார்ச்சோடு மூடிவிட்டார்கள். அமேசானின் ஃபயர் போன் 2014இல் படுதோல்வி அடைந்தது. அதன்பின் அலெக்ஸா வீட்டு ஸ்பீக்கர்களில் கொடிகட்டிப் பறந்தும் போன்களில் விருந்தாளியாகவே இருக்கிறது.

ஜெமினி அந்த சாம்சங் இடத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு அமெரிக்க நீதிமன்றத்தில் பதில் கிடைத்தது. கூகுளின் தேடல் ஏகபோகம் சட்டவிரோதம் என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் கூகுள் தேடலை டீஃபால்ட்டாக வைத்திருக்க 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் போனது அந்த வழக்கில்தான் தெரிந்தது. அடுத்து என்ன பரிகாரம் என்று 2025 ஏப்ரலில் விசாரணை நடந்தபோது, ஜெமினியை போனிலேயே வைத்து விற்க சாம்சங்குக்கு கூகுள் மாதாமாதம் பணம் கொடுப்பதை கூகுள் அதிகாரியே சாட்சியத்தில் சொன்னார். பெர்ப்ளெக்சிட்டியின் அதிகாரி ஒருவரும் சாட்சி சொன்னார்: மோட்டோரோலா தங்கள் ஆப்பை போனில் வைக்கச் சம்மதித்தும், கூகுளோடு இருந்த ஒப்பந்தத்தால் அதை டீஃபால்ட் அசிஸ்டென்ட் ஆக்க முடியவில்லை என்று.

2025 செப்டம்பரில் வந்த பரிகாரத் தீர்ப்பை வாய்ஸ் அசிஸ்டென்ட் பற்றிய தீர்ப்பாகவும் படிக்க வேண்டும். தேடல், குரோம், கூகுள் அசிஸ்டென்ட், ஜெமினி ஆகிய நான்கின் விநியோகத்துக்கும், போட்டியாளர்களை ஒதுக்கும் பிரத்யேக ஒப்பந்தம் போடக் கூடாது என்றார் நீதிபதி. ஆனால் பணம் கொடுப்பதை அவர் தடை செய்யவில்லை. டிசம்பரில், டீஃபால்ட் ஒப்பந்தங்கள் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் வந்தது. பணப்பெட்டி பெரிதாக உள்ளவர் வருடாவருடம் ஏலத்தில் ஜெயித்துக்கொண்டே இருக்கலாம் என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும் ஒரு போன் கம்பெனி இரண்டு அசிஸ்டென்டுகளைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் இனி அங்கே செல்லாது. அது பெரிய மாற்றம்.

குரலில் டீஃபால்ட் இடத்துக்கு இவ்வளவு விலை ஏன்? திரையில் தேடினால் பத்து முடிவுகள் வரும், நாலாவதைத் தொடலாம். குரலில் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் காதில் விழும். 'பாட்டு போடு', 'ஆட்டோ கூப்பிடு' என்று சொன்னால் எந்தக் கம்பெனியின் சேவை என்று தேர்ந்தெடுப்பது அசிஸ்டென்ட். பல வருடம் ஐபோனில் ஸ்பாட்டிஃபை வைத்திருந்தவர்கள் சிரியிடம் சொல்லி அதில் பாட்டுக் கேட்க முடியாமல் இருந்தது. ஆப்பிள் மியூசிக்கில் கேட்க முடிந்தது. 2016இல் ஐஓஎஸ் 10இல் வெளி ஆப்புகளுக்கு சிரியைத் திறந்துவிட்டபோது டாக்ஸி, மெசேஜ், பணம் அனுப்புவது போன்ற சில துறைகளை மட்டும் அனுமதித்தார்கள். பாட்டு அதில் இல்லை. 2019 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை ஐரோப்பிய ஆணையத்தில் கொடுத்த புகாரில் சிரியும் ஒரு காரணமாக இருந்தது. அந்த வருட செப்டம்பரில் ஐஓஎஸ் 13 பாட்டுக்கும் வழி விட்டது. அசிஸ்டென்டுகளுக்கு நடுவில் நடக்கும் போட்டியைவிட, அசிஸ்டென்ட் வழியாக மற்ற எல்லாத் தொழில்களையும் ஒருவர் தன் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

ஸ்பீக்கரிலும் இதே சண்டை நடந்தது. அலெக்ஸாவும் கூகுளும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்படி ஸ்பீக்கர் செய்ய கூகுள் விடவில்லை என்று சோனோஸ் கம்பெனி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் 2020இல் புகார் சொன்னது. ஒரே கருவியில் பல அசிஸ்டென்டுகள் சேர்ந்திருக்க வேண்டும் என்று 2019இல் அமேசான் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளைச் சேர்த்து ஒரு முன்னெடுப்பு தொடங்கியபோது ஆப்பிள், கூகுள், சாம்சங் மூன்றும் அதில் சேரவில்லை. போன் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வரவில்லை.

இனி சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வாய்ஸ் அசிஸ்டென்டை ஒரு முக்கிய சேவையாகப் பெயர் சொல்லியே சேர்த்தது. முதல் தடவை பயன்படுத்தும்போது பட்டியல் காட்டித் தேர்வு செய்ய விட வேண்டும் என்ற விதியும் அதில் இருக்கிறது. ஆனால் 2023 செப்டம்பரில் எந்தெந்தச் சேவைகள் விதிக்குள் வரும் என்று அறிவித்தபோது 22 சேவைகள் பட்டியலில் வந்தன, அதில் ஒரு அசிஸ்டென்ட்கூட இல்லை. அதனால்தான் ஐரோப்பாவில் போன் வாங்குகிறவருக்கு பிரவுசருக்குத் தேர்வுத் திரை வருகிறது, அசிஸ்டென்டுக்கு வருவதில்லை. பட்டியலில் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் இருப்பதால் இன்னொரு வழி இருக்கிறது: சொந்தச் சேவைக்குக் கொடுக்கும் வசதியை மற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற விதி. 2026 ஜனவரியில் ஆணையம், ஜெமினிக்குக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு வசதிகள் போட்டியாளர்களுக்கும் எப்படிக் கிடைக்க வேண்டும் என்று வரையறுக்கும் வேலையைத் தொடங்கியது.

ஜப்பான் நேராகப் பட்டனுக்கே போய்விட்டது. 2024இல் நிறைவேறிய மொபைல் மென்பொருள் போட்டிச் சட்டம் 2025 டிசம்பர் 18 முதல் முழுதாக அமலுக்கு வந்தது. அதையொட்டி, ஐஓஎஸ் 26.2இல் ஜப்பானியப் பயனர்கள் ஐபோனின் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் சிரிக்குப் பதில் வேறு குரல் ஆப் வரும்படி வைத்துக்கொள்ளலாம். நான் முதலில் சொன்ன கதவு இதுதான். பதினான்கு வருடமாக முடியாது என்று இருந்தது ஒரு சட்டம் வந்ததும் ஒரு அப்டேட்டில் முடிந்துவிட்டது. மற்ற நாடுகளில் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்தது, சில உத்தரவுகளை மட்டும் நீக்கியது. போட்டி ஆணையத்தின் அந்த உத்தரவின் பலனாகத் தேடலுக்குத் தேர்வுத் திரை வந்தது. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவில் தேடல், இயங்குதளம், பிரவுசர், கிளவுட் எல்லாம் பட்டியலில் உண்டு. வாய்ஸ் அசிஸ்டென்ட் தனியாக இல்லை. ஐரோப்பா பெயர் சொல்லிச் சேர்த்தே நடக்கவில்லை என்றால், பெயரே இல்லாத இடத்தில் என்ன எதிர்பார்ப்பது? அந்த மசோதா மறுபடி எழுதப்பட்டால் இதைச் சேர்க்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

தமிழில் பேச நினைப்பவருக்கு இன்னொரு வேலி இருக்கிறது. கூகுள் அசிஸ்டென்ட் பல வருடம் முன்பே தமிழ் பேச ஆரம்பித்தது. ஜெமினி ஆப் 2024 ஜூனில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளோடு வந்தது, பேசிக்கொண்டே உரையாடும் ஜெமினி லைவுக்கும் அதே வருடம் தமிழ் கிடைத்தது. சிரிக்கு முழுத் தமிழ் இல்லை. ஐஓஎஸ் 18இல் இந்திய ஆங்கிலத்தோடு தமிழைக் கலந்து சொன்னால் புரிந்துகொள்ளும் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. அலெக்ஸா 2019இல் இந்தி கற்றது, தமிழுக்கு வரவில்லை. ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஐந்தாறு போட்டியாளர்கள் என்றால், தமிழ் மட்டும் பேசும் அம்மாவுக்கு ஒருவரோ இருவரோதான். சட்டம் எல்லாக் கதவையும் திறந்தாலும் அவருக்கு உள்ளே ஆள் இருக்க மாட்டார்கள். அதற்கு நல்ல தமிழ்ப் பேச்சுத் தரவு பொதுவில் கிடைக்க வேண்டும். மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு எல்லாம் அதில் இருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிப் பேச்சுத் தரவையும் மாடல்களையும் திறந்த முறையில் வெளியிட்டு வருகிறது. போட்டிச் சட்டம் அளவுக்கே அந்த வேலையும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

சரி, இன்றைக்கு உங்களால் என்ன செய்ய முடியும்?

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ், அதில் டிஜிட்டல் அசிஸ்டென்ட் ஆப் என்று போங்கள். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'அசிஸ்டென்ட்' என்று போட்டால் வந்துவிடும். நீங்கள் இறக்கியிருக்கும் சாட்ஜிபிடி, பெர்ப்ளெக்சிட்டி, அலெக்ஸா போன்றவை அங்கே தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் திரையின் கீழ் மூலையிலிருந்து விரலை இழுக்கும்போதோ பட்டனை அழுத்திப் பிடிக்கும்போதோ அதுதான் வரும். புது சாம்சங் போன்களில் பக்கவாட்டு பட்டனுக்கு என்ன வேலை என்பதையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், மேலே சொன்ன சிப் விஷயம்தான் காரணம்.

ஐபோன் 15 புரோவிலும் அதற்குப் பின் வந்த பெரும்பாலான மாடல்களிலும் ஆக்‌ஷன் பட்டன் இருக்கிறது, அதற்கு சாட்ஜிபிடி போன்ற ஆப்பின் குரல் உரையாடலை ஷார்ட்கட் வழியாக ஒட்டிவிடலாம். பழைய மாடலில் ஆக்ஸசிபிலிட்டி பகுதியில் பேக் டேப் உண்டு, போனின் முதுகை இரண்டு தட்டு தட்டினால் அந்த ஷார்ட்கட் ஓடும். சிரி வழியாகவே சாட்ஜிபிடியிடம் கேட்கும் வசதி ஐஓஎஸ் 18.2இல் வந்தது, ஆனால் அங்கே யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது ஆப்பிள். எலான் மஸ்க்கின் ஏஐ கம்பெனியான எக்ஸ்ஏஐ 2025 ஆகஸ்டில் ஆப்பிள் மீதும், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீதும் வழக்குப் போட்டதற்கு அந்த ஏற்பாடு ஒரு காரணம். 2026 ஜனவரியில் சிரியின் அடுத்த தலைமுறைக்கு ஜெமினி மாடல்களை அடித்தளமாக எடுக்கப்போவதாக ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அறிவித்தன. அதனால் ஐபோனுக்கு மாறுவது கூகுளிலிருந்து விலகுவதற்கான வழி என்று இனி கணக்குப் போடாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அன்றே இரண்டு இடம் பாருங்கள்: அந்த ஆப்புக்குத் திரையில் இருப்பதைப் படிக்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா, உங்கள் குரல் பதிவு சேமிக்கப்படுகிறதா. இரண்டையும் அணைக்கும் வசதி பெரும்பாலான அசிஸ்டென்டுகளில் இருக்கிறது. பழையதை விட்டு மாறுகிறவர்கள் அதில் சேர்ந்திருக்கும் குரல் வரலாற்றையும் அழித்துவிட்டு மாறுங்கள்; டீஃபால்ட்டை மாற்றியதால் மட்டும் அது அழிந்துவிடாது.